பேக்கரிக்காரர் மனைவி எழுதிய ஆறு கடிதங்கள்

நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது எங்கள் ஆசிரியை ஆளுக்கொரு செத்துப்போன வெள்ளைக்காரரைப் பிரித்துக் கொடுத்தார். துண்டுகளில் பெயர்களை எழுதி, ஒரு கம்பளித் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கி, வரிசையாக எடுக்கச் சொன்னார். ரொறன்ரோ என்ற பெயர் வருவதற்கு முன்பு இந்த ஊர் யோர்க் என்ற சின்னக் குடியேற்றப் பட்டினமாக, சேறும் மரவீடுகளுமாகக் கிடந்த காலத்தில் இங்கிலாந்திலிருந்து கனடாவுக்குக் கப்பலேறி வந்தவர்கள் அவர்கள். யாருடைய பெயர் கிடைக்கிறதோ அவராக நம்மை நினைத்துக்கொண்டு ஊருக்கு ஆறு கடிதங்கள் எழுதவேண்டும். மூன்று கிழமை, இருபத்தொரு நாள் தவணை.

எனக்கு முன்னால் இருந்த பையனுக்கு ஒரு படைத் தளபதி கிடைத்தார். பக்கத்தில் இருந்த சீனப் பிள்ளைக்குக் கிடைத்த நில அளவைக்காரரின் பெயரில் இன்றைக்கும் ஒரு வீதி இருக்கிறது. எனக்குக் கிடைத்தது ஒரு பேக்கரிக்காரரின் மனைவி. பெயர் ஹனா. வீதி இல்லை, படம் இல்லை. ஆசிரியை தந்த தாளில் ஒரேயொரு பந்திதான் இருந்தது. துறைமுகப் பட்டினம் ஒன்றில் பிறந்தார். கணவர் முன்னதாக வந்து பேக்கரி போட்டு, இரண்டு வருடம் கழித்து மனைவியை அழைப்பித்தார். பிறந்த நான்கு பிள்ளைகளில் இரண்டை இந்த மண்ணில் புதைத்தார்கள். அவர் வந்து பதினோராவது வருடம் கணவர் காய்ச்சலில் இறந்துபோனார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் ஹனாவே பேக்கரியை நடத்தினார். அவரைப் புதைத்த இடம் தெரியவில்லை. அவ்வளவுதான். இந்த ஒரு பந்தியை வைத்துக்கொண்டு ஆறு கடிதம் எழுதுவது எப்படி என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது நாங்கள் டோர்செட் பார்க்கில் ஒரு உயர்மாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்தோம். அப்பா பிளாஸ்ரிக் ஃபாக்டரியிலும் அம்மா துணி தைக்கும் இடத்திலும் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் எங்கள் வீட்டுக்குப் போகாமல் அதே கட்டடத்தின் ஒன்பதாவது மாடிக்குப் போவேன். அங்கே சித்தி இருந்தார். அம்மாவின் ஒரே தங்கை. இருபத்துமூன்று வயது. ஒரு வருடத்துக்கு முன்புதான் வந்து, கென்னடி வீதியில் ஒரு மண்டபத்தில் கலியாணம் நடந்தது. அம்மா வேலையால் வரும்வரை நான் சித்தியோடு இருந்து தேத்தண்ணீர் குடித்து, பள்ளிக்கூட வேலை செய்வேன்.

சித்தப்பாவை எங்கள் கட்டடத்தில் தெரியாத தமிழர் இல்லை. எங்களுக்கெல்லாம் முந்தி, எண்பதுகளிலேயே வந்தவர். நல்ல ஆங்கிலம். அகதி விண்ணப்பம் நிரப்ப, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக, வீட்டுச் சொந்தக்காரனோடு கதைக்க எல்லாரும் அவரைத்தான் பிடிப்பார்கள். அப்பாவுக்கு அந்த ஃபாக்டரி வேலையை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். எங்களைக் கண்டால் கோட்டுப் பைக்குள் இருந்து சொக்கிலேட் எடுத்துத் தருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடை நிறைய உடுப்பைத் தூக்கிக்கொண்டு கீழே தோய்க்கிற அறைக்குத் தானே வருவார். பெண்சாதியை அந்த வேலைக்குக் கூட விடாத மனிசன் என்று பெண்கள் தங்கள் கணவர்மாருக்கு அவரைக் காட்டிச் சொல்வார்கள்.

சித்தியிடம் வீட்டுத் திறப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். கதவு தானாகப் பூட்டுகிற கதவு. சாவி இல்லாமல் வெளியே போனால் திரும்ப உள்ளே வரமுடியாது. அதனால் அவர் போவதில்லை. தொலைபேசி மேசையில் இருந்தது, ஆனால் சுவருக்குப் போகும் வயர் பகலில் இருக்காது. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். வயர் பழுது, சித்தப்பா திருத்தக் கொண்டுபோகிறார் என்றார். தினமும் கொண்டுபோய்த் தினமும் திருத்துகிறாரே, எவ்வளவு பொறுமை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஹனாவின் தாளைச் சித்திக்கு என் அரைகுறைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னேன். சித்திக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. 'அன்னம்' என்று வைத்துவிட்டார். அதுவரை என் வீட்டுப்பாடங்களைத் திரும்பியும் பார்க்காதவர், அடுப்பை நிறுத்திவிட்டு வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"புருசன் எத்தினையாம் வருசம் செத்தவன்?"

"பதினோராம் வருசம்."

"பதினொண்டு," என்றார் சித்தி. பிறகு, "அதுக்குப் பிறகு கடையை ஆர் நடத்தினதெண்டு போட்டிருக்கு? அதைத் திருப்பி வாசி," என்றார். நான் வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

கடிதம் யாருக்கு எழுதுவது என்று கேட்டேன். தாய்க்கு எழுதலாம், தகப்பனுக்கு எழுதலாம் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். சித்தி யோசிக்கவே இல்லை.

"அக்காவுக்கு எழுது."

"அவவுக்கு அக்கா இருந்ததெண்டு தாளிலை இல்லையே."

"இல்லையெண்டும் இல்லைத்தானே? அக்காவுக்கு எழுது, பிள்ளை."

அப்படித்தான் அந்தக் கடிதங்கள் ஆரம்பித்தன. சித்தி தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். முதல் கடிதம் கப்பல் பயணம். ஏழு கிழமை கடலில் என்று புத்தகத்தில் இருந்தது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. சித்திக்குத் தெரிந்திருந்தது. "ஒரு அறைக்குள்ளை பதினாலு பேர் எண்டு எழுது. இரவிலை ஒருத்தர் திரும்பிப் படுத்தா எல்லாரும் திரும்பவேணும் எண்டு எழுது." வருகிற வழியில் பாங்கொக்கில் கனடாவுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் நாலு மாதம் அடைத்துவைத்திருந்த அறையைத்தான் சொல்கிறார் என்பது எனக்கும் தெரியும். கப்பலுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

இரண்டாவது கடிதத்தில் ஹனா வந்து இறங்கினார். துறையில் கணவர் நிற்கிறார். "அவளுக்கு அவனை அடையாளம் தெரியேல்லை எண்டு எழுது. படத்திலை பாத்த ஆள் வேறை."

"அப்ப கமரா இல்லை, சித்தி."

"அப்ப கடிதத்திலை வாசிச்ச ஆள் வேறை எண்டு எழுது."

மூன்றாவதில் பட்டினம். சேற்றில் வண்டிச் சில்லு புதைகிற தெருக்கள், தேவாலயம், பாண் வாங்க வருகிற சனம். எல்லாருக்கும் பேக்கரிக்காரரைப் பிடிக்கும். ஏழைகளுக்கு மிஞ்சிய பாணைச் சும்மா கொடுப்பார். நீ கொடுத்துவைத்தவள் என்று பெண்கள் ஹனாவிடம் சொல்கிறார்கள். நான்காவதில் பனிக்காலம். கரடி வரும் என்று சொல்லிக் கணவர் வெளியே பூட்டிக்கொண்டு போகிறார். கரடி என்னுடைய யோசனை. சித்தி அதைக் கேட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அதிகம் பார்த்ததில்லை, அதனால் எனக்குப் பெருமையாக இருந்தது.

ஐந்தாவது கடிதத்துக்கு மாவு மூட்டை என்று எழுதவேண்டி வந்தது. ஆங்கிலச் சொல்லை நான் உச்சரித்ததும் "பூ மூட்டையோ?" என்றார் சித்தி. இரண்டு சொல்லும் ஒரே மாதிரி ஒலிக்கும் என்று விளக்கினேன். ஆனால் அன்றைக்குச் சிரிக்கவில்லை. கையை நீளக்கைச் சட்டைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"பக்கத்து வீட்டுப் பொம்பிளைக்கு மா மூட்டை விழுந்ததெண்டு சொன்னன். பிறகொரு நாள் அடுப்பு சுட்டதெண்டு சொன்னன். அக்கா, உனக்குச் சொல்லுறன், அது அடுப்பில்லை. இவ்வளவும் எழுது."

"பின்னை என்ன சித்தி அது?"

"இவ்வளவும் காணும், போதும். வாசிக்கிற ஆளுக்கு விளங்கும்." பிறகு கேட்டார், "டீச்சர் ஒவ்வொரு சொல்லாய் வாசிப்பாவோ?"

வாசிப்பார், எழுத்துப் பிழையைக்கூடப் பார்க்காமல் விடமாட்டார் என்றேன். "பிழை விடாமல் எழுது," என்றார் சித்தி.

ஆறாவது கடிதம் மிகவும் சின்னது. இந்தக் கடிதங்கள் கிடைத்தால் என் கணவருக்குப் பதில் எழுதாதே, எனக்கும் எழுதாதே, நீ ஒருமுறை வந்து பார், என்று இருந்தது. முடிவு சரியில்லை, கணவர் இறப்பதும் பேக்கரியும் வரவேண்டும் என்று நான் வாதாடினேன். "அது பதினொரு வருசத்துக்குப் பிறகுதானே," என்று சித்தி எழுந்து போய்விட்டார்.

கடிதங்களை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்த மூன்றாம் நாள், இடைவேளைக்கு எல்லாரும் வெளியே போனபோது ஆசிரியை என்னை நிற்கச் சொன்னார். என் மேசைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். அவருடைய முகம் என் முகத்துக்கு நேரே வந்தது. மிகவும் நன்றாக எழுதியிருக்கிறாய் என்றார். இதையெல்லாம் உனக்கு யாராவது சொன்னார்களா, உனக்குத் தெரிந்த யாருக்காவது இப்படி நடக்கிறதா என்று கேட்டார்.

வீட்டில் பெரியவர்கள் செய்து கொடுத்தால் புள்ளி கிடையாது என்பது விதி. தளபதி கிடைத்த பையனின் தகப்பன் அட்டையில் கோட்டை செய்து கொடுத்ததற்கு அந்தக் கிழமைதான் புள்ளி வெட்டப்பட்டிருந்தது. இல்லை, எல்லாம் நானாக யோசித்து எழுதினேன் என்று சொன்னேன். அடுத்த நாளும் அவர் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார். யார் என்று சொல்லத் தேவையில்லை, ஓம் அல்லது இல்லை என்று மட்டும் சொல் என்றார். நான் இன்னும் உறுதியாக இல்லை என்றேன். எனக்கு ஆகக்கூடிய புள்ளி கிடைத்தது. அருமையான கற்பனை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். அதைச் சித்திக்கு வாசித்துக் காட்டினேன்.

"வேறையொண்டும் கேக்கேல்லையோ?"

"இல்லை," என்றேன். அங்கும் அதே பொய்தான். ஆசிரியை கேட்டதைச் சொன்னால் நான் மறைத்ததையும் சொல்லவேண்டி வருமே. சித்தி திரும்பவும் வெங்காயம் வெட்டத் தொடங்கினார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பிக்குப் பிறந்தநாள். எங்கள் ஹோலில் இருபது இருபத்தைந்து பேர். மத்தியானமே ரோல்ஸும் கேக்கும் வந்துவிட்டன. சித்தியும் சித்தப்பாவும் ஒன்பதாவது மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தார்கள். சித்தி மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தார், அம்மாவுக்கு உதவியாகத் தட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தம்பிக்கே எல்லாப் பரிசும் போய்க்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. யாரையும் கேட்காமல் அறைக்குள் போய் என் கடிதங்களைக் கொண்டுவந்தேன். ஒரு அங்கிள் வாங்கிப் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரப் பிள்ளைகளை விட இவளுக்குக் கூடிய புள்ளி போட்டிருக்கிறார்கள் என்று உரத்துச் சொன்னார். அப்பாவுக்கு முகம் மலர்ந்தது.

"எல்லாருக்கும் விளங்கத் தமிழிலை வாசி, பிள்ளை," என்றார்.

நான் கதிரையில் ஏறி நின்றேன். ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னேன். மொழிபெயர்க்கக் கஷ்டமே இல்லை, அது முதலில் தமிழில்தானே இருந்தது. 'அன்புள்ள அக்கா' என்று ஒவ்வொரு கடிதத்தையும் ஆரம்பித்தேன். கப்பலுக்கு எல்லாரும் 'உச்' கொட்டினார்கள். பாங்கொக் வழியாக வந்தவர்கள் அங்கே பலர் இருந்தார்கள். அடையாளம் தெரியாத கணவருக்குச் சிரித்தார்கள். மூன்றாவது கடிதத்தில் சிரிப்புக் குறைந்தது. பூட்டிய கதவு வந்தபோது யாரோ குழந்தையை அதட்டினார்கள், பிறகு அந்தக் குழந்தையின் சத்தமும் இல்லை. எனக்கு உற்சாகம் கூடியது. இவ்வளவு பெரிய ஆட்கள் மூச்சு விடாமல் கேட்கிறார்கள். 'அது அடுப்பில்லை' என்ற இடத்தில் ஆசிரியை கதை வாசிக்கும்போது செய்வதுபோல நிறுத்தி, எல்லாரையும் ஒருமுறை பார்த்தேன். அம்மா கேக் வெட்டும் கத்தியோடு நின்றார். சித்தி தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசித்து முடித்ததும் முதலில் கை தட்டியது சித்தப்பாதான். பிறகு எல்லாரும் தட்டினார்கள். பலமாகத் தட்டினார்கள்.

"எங்கட பிள்ளை பெரிய எழுத்தாளராய் வரப்போறா," என்றார் சித்தப்பா. "எங்கையிருந்து பிள்ளை உவ்வளவு கற்பனை?"

பள்ளிக்கூட வேலை முடிந்துவிட்டது, புள்ளியும் போட்டாகிவிட்டது, இனி யாரும் வெட்டமுடியாது. நேர்மையாக இருக்க அதைவிட நல்ல நேரம் எது?

"எல்லாம் சித்தி சொல்லித் தந்தது," என்றேன்.

சித்தப்பா சிரித்த முகம் மாறாமல் சித்தியைப் பார்த்தார். "சொல்லவேயில்லையே, நீர் உப்பிடிக் கதையெல்லாம் சொல்லுவீர் எண்டு," என்றார். பிறகு ஒரு அன்ரி கேக்கில் சீனி கூடிப்போய்விட்டது என்றார், இன்னொருவர் கடைக்காரனைக் குறை சொன்னார், கதை அந்தப் பக்கம் போனது. அடுத்த கிழமை அகதி விசாரணைக்குப் போகவிருந்த ஒருவர் சித்தப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எந்தக் கோட்டுப் போடுவது என்று கேட்டார். அவரும் விளக்கமாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் எழுந்து, அப்பாவிடம் "அண்ணை, அப்ப நாங்கள் வெளிக்கிடுறம்," என்றார். சித்தி சப்பாத்தைப் போடக் குனிந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். நல்லா வாசிச்சேனா என்று கேட்டேன். என் கன்னத்தைத் தொட்டார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்து ஒன்பதாவது மாடியில் மணியை அடித்தேன். கதவு திறக்கவில்லை. உள்ளே ஆள் நடக்கும் சத்தம் கேட்டது. "சித்தி, நான்தான்," என்றேன். "கீழை போ, பிள்ளை. இனி இஞ்சை வராதை," என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. நான் ஏதோ பிழை செய்துவிட்டேன், வாசித்ததில் சித்தியின் பெயரைப் பிந்திச் சொன்னது கோபம் என்று முடிவு செய்தேன். மாத முடிவில் அவர்கள் ரொறன்ரோவுக்கு வெளியே ஒஷாவாவுக்கு வீடு மாறிப் போய்விட்டார்கள். வேலைக்குக் கிட்ட என்றார் சித்தப்பா. சாமான் ஏற்ற அப்பாவும் போய் உதவி செய்தார். எப்போது தொலைபேசி எடுத்தாலும் சித்தப்பாதான் எடுப்பார். நலம் விசாரிப்பார், சித்தி குளிக்கிறார் என்பார்.

நாலரை வருடம் கழித்து சித்தி அந்த வீட்டைவிட்டு வெளியே வந்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் கூட்டி வரவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த மன்னாரைச் சேர்ந்த ஒரு பெண், தேவாலயத்துக்குப் போகிற வழியில் அவரைக் காரில் ஏற்றிப் பெண்கள் தங்குமிடம் ஒன்றில் கொண்டுபோய் விட்டார். ஒரு கையில் இரண்டு விரல்கள் அப்போதே மடங்காது. சித்தப்பாவைப் பற்றி ஊர் அதிகம் பேசவில்லை. பேசியவர்களும் சித்தியின் வாயைப் பற்றித்தான் பேசினார்கள்.

இப்போது சித்தி அஜின்கோர்ட்டில் தனியாக இருக்கிறார். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. ஆங்கிலம் என்னைவிட வேகமாகப் பேசுவார். அம்மாவும் அவரும் தினமும் தொலைபேசியில் கதைப்பார்கள், மீன் விலை, முழங்கால் நோவு, யாருடைய பிள்ளைக்குக் கலியாணம் என்று. அந்த வருடங்களை இருவரும் தொடுவதில்லை.

நான் ஒருமுறை தொட்டேன். எனக்கு முப்பது வயதிருக்கும். சித்தி கட்டிலில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். சொல்லவேண்டிய இடத்தில் பொய்யும், வாயைத் திறக்கக்கூடாத இடத்தில் உண்மையும் சொன்னவள் நான் என்பதை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று பல வருடமாக நினைத்திருந்தேன். ஆசிரியை முழங்காலில் இருந்து கேட்டதைச் சொன்னேன். பிறந்தநாளுக்காகத்தான் நான் வருந்துகிறேன் என்று சித்தி அதுவரை நினைத்திருந்தார் போல. அவருடைய கை நின்றது.

"கேட்டவவோ?"

"ஓம், சித்தி. ரெண்டு நாள் கூப்பிட்டுக் கேட்டவ."

சித்தி மடித்த சட்டையைத் திரும்ப விரித்து, திரும்ப மடித்தார்.

"நல்ல மனிசி," என்றார்.

ஆசிரியை கேட்டதை நான் சொல்லாமலே விட்டிருக்கலாம். என் பாரத்தை இறக்க நினைத்து அதை அவருடைய மடியில் வைத்துவிட்டு வந்தேன்.

பிறந்தநாளன்று எல்லாரும் போனபின் நடந்த ஒன்றும் இருக்கிறது. அதை இன்றுவரை அம்மாவிடம் கேட்டதில்லை. அம்மாவும் அப்பாவும் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் ஹோலில் பலூன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அப்பா தாழ்ந்த குரலில் அம்மாவிடம் கேட்டார்.

"இப்பிடியெண்டு உம்மட்டை முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதை நிறுத்தினார்.

"சொன்னவள்," என்றார்.

அப்போது நான் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். கடிதங்களை எல்லாருக்கும் முன்னால் வாசிக்கப்போகிறேன் என்று நான் அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. அப்பாவிடம் எனக்கு ஏச்சு விழக்கூடாதென்று அம்மா எனக்காகப் பொய் சொல்கிறார். அம்மா அப்படிச் செய்கிறவரல்ல. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. குசினிக்குள் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து அவருடைய இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அம்மா திரும்பவில்லை.